படகுக்கும் டிரெய்லருக்கும் ஸ்டெயின்லெஸ் போல்ட்டுகள்: 304 போதுமா, 316 வேண்டுமா?

கரைவலை எழுதியது:

வணக்கம். ஃபைபர் உடலும் அவுட்போர்டு மோட்டாரும் கொண்ட சிறிய மீன்பிடிப் படகு ஒன்று என்னிடம் உள்ளது. கடலுக்குப் போய்த் திரும்பியதும் அதை டிரெய்லரில் ஏற்றிக் கரையில் நிறுத்திவிடுவது வழக்கம். ஆகவே கால்வனைஸ் செய்த, அதாவது துத்தநாகம் பூசிய, அந்த டிரெய்லரும் ஒவ்வொரு முறையும் அச்சு முழுகும் அளவுக்கு உப்புநீரில் இறங்கி ஏறுகிறது. கைப்பிடிக் கம்பிகள், கயிறு கட்டும் கிளீட்டுகள், தூண்டில் தாங்கிகள், ஹோஸ் கிளிப்புகள் ஆகியவற்றின் போல்ட்டுகளையும் ஸ்க்ரூக்களையும், அவற்றோடு டிரெய்லரின் போல்ட்டுகளையும் சேர்த்து இந்த முறை முழுவதுமாக மாற்றிவிட எண்ணுகிறேன்.

என்னைக் குழப்புவது இதுதான். இப்போது பொருத்தியிருப்பவை எல்லாமே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று சொல்லி விற்கப்பட்டவை. ஆனால் சில போல்ட்டுகளின் தலையைச் சுற்றிப் பழுப்பு நிறக் கறை வடிந்திருக்கிறது. சிலவற்றில் ஒரு மாற்றமும் இல்லை. ஒரு ஹோஸ் கிளிப்பில் பட்டை பளபளப்பாகவே இருக்க, அதை இறுக்கும் ஸ்க்ரூ மட்டும் செக்கச்செவேலென்று துருவேறி, தொட்டால் உதிர்கிறது. காந்தத்தை வைத்துப் பார்த்தால் சில போல்ட்டுகள் இலேசாக ஒட்டுகின்றன. இவை போலியா? ஸ்டெயின்லெஸ் ரகங்களில் எந்த இடத்துக்கு 304, எந்த இடத்துக்கு 316 என்று தீர்மானிப்பது எப்படி? டிரெய்லரின் அச்சைப் பிடித்திருக்கும் யு-போல்ட்டுகள் உட்பட எல்லாவற்றையும் ஸ்டெயின்லெஸ்ஸாக மாற்றிவிடலாமா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

உலைக்கூடம் எழுதியது:

வணக்கம் நண்பரே. படகுப் பட்டறையில் வேலை செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன். 304-ஆ 316-ஆ என்று கேட்பதற்கு முன், அந்த போல்ட் உட்காரும் இடத்துக்குக் காற்று போகிறதா, மழைநீரோ குழாய்நீரோ அதைக் கழுவுகிறதா, அது எந்த உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்ற மூன்றையும் பார்க்க வேண்டும். மிக உயர்ந்த ரகத்தை வாங்கி, காற்றில்லாத ஈரப் பொந்துக்குள் அடைத்துவிட்டால் அதுவும் அரித்துப்போகும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் துருப்பிடிக்காமல் இருப்பது அதன் மேற்பரப்பில் தானாக உருவாகும் குரோமியம் ஆக்சைடு படலத்தால். உலோகத்தில் குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் இருந்தால்தான் அப்படலம் நிலையாக அமையும். அதன் தடிமன் சில நானோமீட்டர்தான். கீறல் விழுந்தால், காற்றிலோ நீரிலோ உள்ள ஆக்சிஜனைக் கொண்டு அது தன்னைத்தானே மூடிக்கொள்கிறது. கடல்நீரின் குளோரைடு அயனிகள் இந்தப் படலத்தை ஆங்காங்கே துளைத்துக் குழி பறிக்கின்றன. ஆக்சிஜன் கிடைக்காத இடத்தில் படலம் மீண்டும் உருவாக முடியாததால், குழி உள்ளுக்குள்ளேயே ஆழமாகிக்கொண்டு போகிறது.

304 என்பது ஏறத்தாழ 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் கொண்டது. 316-இல் இவற்றோடு 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் சேர்க்கப்படுகிறது. குளோரைடைத் தாங்கும் கூடுதல் வலிமை இதனால்தான் வருகிறது. குழி அரிப்பை எதிர்க்கும் திறனை ஒப்பிட ஒரு கணக்கு உண்டு: குரோமியத்தின் விழுக்காடு, மாலிப்டினத்தின் விழுக்காட்டை 3.3-ஆல் பெருக்கிய தொகை, நைட்ரஜனின் விழுக்காட்டை 16-ஆல் பெருக்கிய தொகை ஆகிய மூன்றையும் கூட்டினால் வரும் எண். 304-க்கு இது சுமார் 18 முதல் 20 வரை வரும்; 316-க்குச் சுமார் 24; 2205 எனப்படும் டூப்ளெக்ஸ் ரகத்துக்குச் சுமார் 35. ஆகவே 316 மேலானதே தவிர, கடலில் எந்த நிலையிலும் அரிக்காத உலோகம் அன்று.

போல்ட் வாங்கும்போது தலையின் மேல் உள்ள குறியைப் பாருங்கள். ஐஎஸ்ஓ 3506 தரப்படி ஏ2 என்றால் 304 வகை, ஏ4 என்றால் 316 வகை. அதையடுத்து வரும் 70 அல்லது 80 என்ற எண் இழுவலிமையைக் குறிக்கிறது: 70 என்றால் 700 மெகாபாஸ்கல், 80 என்றால் 800. அறுகோணத் தலை போல்ட்டுகளில் 5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் விட்டமுள்ளவற்றுக்குத் தயாரிப்பாளரின் குறியும் இந்த ரகக் குறியும் இருந்தாக வேண்டும். தலை மொட்டையாக இருந்தால், விற்பவர் என்ன சொன்னாலும் நான் அதைப் படகில் போடமாட்டேன். ஏ1 என்றும் ஒரு ரகம் உண்டு. எளிதாகக் கடைந்தெடுப்பதற்காகக் கந்தகம் சேர்த்தது அது. கடலோரத்துக்குச் சற்றும் ஏற்றதன்று.

காந்தச் சோதனையை நம்ப வேண்டாம். 304-உம் 316-உம் இயல்பில் காந்தத்தால் ஈர்க்கப்படாதவைதாம். ஆனால் குளிர்நிலையில் அடித்தும் உருட்டியும் போல்ட்டாக்கும்போது 304 இலேசாகக் காந்தத்தன்மை பெறும். எனவே இலேசாக ஒட்டியதாலேயே உங்கள் போல்ட்டுகள் போலி என்று சொல்லிவிட முடியாது. சுத்தமாக ஒட்டாத பொருள் குரோம் முலாம் பூசிய துத்தநாகக் கலவையாகவும் இருக்கலாம். மலிவான கிளீட்டுகளில் இதைப் பார்த்திருக்கிறேன். இரும்பைப் போல் 'டக்'கென்று பலமாக ஒட்டினால், அது சாதாரண எஃகாகவோ 410, 430 போன்ற நிக்கல் சேராத ரகமாகவோ இருக்கும். உங்கள் ஹோஸ் கிளிப்பில் நடந்திருப்பதும் பெரும்பாலும் இதுதான்: பட்டை 304, ஸ்க்ரூ மட்டும் 400 வரிசை ரகம் அல்லது முலாம் பூசிய எஃகு. பட்டை, உறை, ஸ்க்ரூ மூன்றும் 316 என்று தெளிவாகக் குறிப்பிட்டிருக்கும் கிளிப்பை வாங்குங்கள். பட்டையில் துளைகள் வெட்டியிருப்பதைவிட, வரிகள் அழுத்தி மட்டும் இருக்கும் வகை மேலானது. 304-இலிருந்து 316-ஐப் பிரித்தறிய, மாலிப்டினம் இருந்தால் நிறம் மாறும் சொட்டு மருந்துகள் கிடைக்கின்றன. மொத்தமாக வாங்குபவர்களுக்கு அது பயன்படும்.

தலையைச் சுற்றி வடிந்திருக்கும் பழுப்புக் கறையைப் பற்றி நான் அவ்வளவாகக் கவலைப்படமாட்டேன். உப்பு படிந்து, கழுவப்படாமல் காய்ந்து நனைந்து கொண்டிருக்கும் பரப்பில் 316-கூட இப்படி நிறம் மாறும். பரப்பு சொரசொரப்பாக இருந்தால் உப்பு அதிகம் தங்கும். மெருகேற்றிய பரப்பில் கறை குறைவு. பற்றவைத்த கைப்பிடிக் கம்பிகளில், பற்றின் இருபுறமும் நீலமும் பழுப்புமாக வெந்த நிறம் இருந்தால் அங்கேதான் முதலில் துரு கிளம்பும். அந்த நிறத்தை அமிலப் பசை கொண்டு முற்றிலும் நீக்கிய பொருளையே வாங்க வேண்டும். பற்றவைக்கும் வேலைக்கு, கார்பன் 0.03 விழுக்காட்டுக்கு மிகாத 316எல் ரகமே ஏற்றது.

கவலைப்பட வேண்டியது கண்ணுக்குத் தெரியாத பகுதியைப் பற்றி. தளத்தில் பொருத்திய ஒரு கிளீட்டின் போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். மேலே தலை புதிதுபோல் மின்னும். அடியில் நட்டும் நன்றாகவே இருக்கும். தளத்தின் தடிமனுக்குள் புதைந்திருந்த அந்தச் சிறு நீளம் மட்டும் கறுத்து, குழி விழுந்து, ஒரு பக்கம் மெலிந்துபோயிருக்கும். துளைக்குள் கசிந்த உப்புநீர் வெளியேற வழியின்றி நின்று, அதிலிருந்த ஆக்சிஜன் தீர்ந்ததும் இடுக்கு அரிப்பு தொடங்கிவிடுகிறது. இதைத் தடுக்க, துளையின் மேல் விளிம்பைக் கூம்பாகச் சற்றுச் சீவிவிட்டு, அடைப்புப் பசை அங்கே ஒரு வளையமாகத் தங்கும்படி செய்யுங்கள். பசையைத் தலையின் அடியிலும் தண்டின் மேற்பகுதியிலும் போடுங்கள்; கீழே நட்டுப் பக்கத்தைப் பசையால் மூடிவிட வேண்டாம். மேலே கசிவு ஏற்பட்டால் அது கீழே தெரிய வேண்டும், உள்ளே தேங்கக் கூடாது.

ஆகவே என் முடிவு இது: வெளியில் உப்புத் தெறிக்கும் எல்லா இடத்துக்கும் ஏ4. மூடிய அறைக்குள், நனையாத பலகை, இருக்கை, மின்பெட்டி போன்றவற்றுக்கு ஏ2 போதும். நீர்க்கோட்டுக்குக் கீழே எப்போதும் முழுகியிருக்கும் இடத்துக்கு, குறிப்பாக மரத்தாலான படகில், ஸ்டெயின்லெஸ்ஸை நான் முதல் தேர்வாகக் கொள்ளமாட்டேன். சிலிக்கான் வெண்கலம் நல்லது. பித்தளை மட்டும் கூடவே கூடாது. அதிலுள்ள துத்தநாகம் கரைந்து வெளியேறிவிட, மிச்சம் கைகளால் நொறுக்கும் அளவுக்குச் செம்புச் சல்லடையாகிவிடும். உங்கள் படகு கரையில் காய்வதால் இந்தக் கவலை உங்களுக்குக் குறைவு.

இழுவண்டி எழுதியது:

உலைக்கூடம் அவர்கள் படகைப் பற்றிச் சொன்னதோடு நான் உடன்படுகிறேன். டிரெய்லரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் அங்கே தவறான போல்ட் என்பது கறையோடு நிற்பதில்லை, ஓடும் சாலையில் சக்கரத்தோடு அச்சு கழன்றுவிடும்.

அச்சையும் பட்டை வில்லையும் பிடித்திருக்கும் யு-போல்ட்டுகள், இணைப்புக் கொக்கியைச் சட்டத்தோடு பிணைக்கும் போல்ட்டுகள் ஆகியவற்றை, தயாரிப்பாளர் சொல்லியிருந்தாலொழிய, ஸ்டெயின்லெஸ்ஸாக மாற்றாதீர்கள். இந்த இடங்களில் பெரும்பாலும் 8.8 தர எஃகு போடப்பட்டிருக்கும். அது நிரந்தரமாக நீளத் தொடங்கும் அழுத்தம் 640 மெகாபாஸ்கல். ஏ2-70, ஏ4-70 இரண்டுக்கும் அது 450-தான், ஏ4-80-க்கு 600. யு வடிவில் வளைத்த மலிவான ஸ்டெயின்லெஸ் கம்பிக்கு இந்த அளவுகூட உறுதியில்லை, ஏனென்றால் 304, 316 போன்ற ரகங்களின் வலிமை குளிர்நிலை உருட்டலால் வருவது. சூடாக்கி வளைத்திருந்தால் அது போய்விடும். அளவு ஒன்றாக இருப்பதாலேயே வலிமையும் ஒன்றாக இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

இந்த இடங்களுக்கு உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த போல்ட்டுகளே பொருத்தம். மின்முலாம் பூசிய, மஞ்சளாகவோ வெள்ளியாகவோ மினுமினுக்கும் போல்ட்டில் துத்தநாகப் படலம் பொதுவாக 5 முதல் 12 மைக்ரான்தான் இருக்கும். உப்புநீரில் அது விரைவில் கரைந்துவிடும். முக்கியெடுத்ததில் படலம் பன்மடங்கு தடிமனாக இருக்கும்; பரப்பும் சாம்பல் நிறமாக, மங்கலாகத் தெரியும். இன்னொரு நுணுக்கம்: அந்தத் தடிமனுக்கு இடம் விட்டு அவற்றின் நட்டில் மரை சற்று அகலமாக வெட்டப்பட்டிருக்கும். ஆகவே போல்ட்டையும் நட்டையும் ஒரே சோடியாக வாங்குங்கள். அந்த அகல மரை நட்டைச் சாதாரண போல்ட்டில் மாட்டினால் ஏறும், ஆனால் சுமை வந்ததும் மரை உரிந்துவிடும்.

விளக்குத் தாங்கி, எண்பலகை, மட்கார்டு, உருளைகளின் ஊசி போன்ற சிறு பாகங்களுக்கு ஸ்டெயின்லெஸ் தாராளமாகப் போடலாம். பெரிய கால்வனைஸ் சட்டத்தில் சிறிய ஸ்டெயின்லெஸ் போல்ட் இருந்தால், அதைச் சுற்றியுள்ள துத்தநாகம் மட்டும் சற்று வேகமாகத் தேயும். ஒரு நைலான் வாஷர் போட்டால் அதுவும் குறையும். படகு உட்காரும் பலகை, பூச்சி அரிக்காமல் இருக்கச் செப்பு உப்பு ஊட்டிய மரமாக இருந்தால் அங்கே மின்முலாம் பூசிய ஸ்க்ரூ சீக்கிரமே போய்விடும், அலுமினியம் ஒருபோதும் கூடாது, ஸ்டெயின்லெஸ்தான் சரி. படகை இழுத்து ஏற்றும் வின்ச்சின் கொக்கியிலும், பாதுகாப்புச் சங்கிலியை மாட்டும் ஷேக்கிள் என்ற வளையத்திலும் தாங்கும் சுமை பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். பளபளக்கிறது என்பதற்காக, சுமை பொறிக்காத ஷேக்கிளை வாங்கி மாட்டுவது ஆபத்து.

கரைவலை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. யு-போல்ட்டுகளை ஸ்டெயின்லெஸ்ஸாக மாற்றும் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டேன். இன்னும் இரண்டு ஐயங்கள். படகின் பின்பக்கத்தில் மீன் தேடும் கருவியின் உணரியைத் தாங்கும் அலுமினியத் தகடு ஒன்று உள்ளது. அதில் ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ நுழையும் துளையைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்து, பெயின்ட் கொப்பளித்திருக்கிறது. ஸ்க்ரூவுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது, புதிய ஏ4 போல்ட்டில் புதிய நட்டை மாட்டியபோது பாதி வழியில் இறுகிப் பிடித்துக்கொண்டது. முன்னும் போகவில்லை, பின்னும் வரவில்லை. மரையில் குறையா?

தோணித்துறை எழுதியது:

மரையில் குறை என்று சொல்ல முடியாது. ஸ்டெயின்லெஸ்ஸோடு ஸ்டெயின்லெஸ் அழுத்தமாக உரசும்போது மேலே உள்ள ஆக்சைடு படலம் உரிந்து, வெறும் உலோகம் வெறும் உலோகத்தோடு ஒட்டிக்கொள்கிறது. ஒருமுறை பிடித்துவிட்டால் பலம் கொடுக்கக் கொடுக்க ஒட்டு பெருகும். கடைசியில் போல்ட் முறுகி முறியும். மரையைத் துடைத்து மணலோ தூளோ இல்லாமல் செய்து, கடல் பயன்பாட்டுக்கான இறுக்கத் தடுப்புப் பசையை இலேசாகத் தடவி, கையால் மெதுவாக முடுக்குங்கள். இம்பாக்ட் டிரைவர் வேண்டாம். உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டுகளில் உராய்வு அதிகம் என்பதால் அங்கே இன்னும் நிதானம் தேவை. பசை தடவியபின் உராய்வு குறைந்துவிடுவதால், உலர்ந்த போல்ட்டுக்குச் சொன்ன அதே முறுக்கு அளவைக் கொடுத்தால் அளவுக்கு மீறி இறுகிவிடும், குறைத்தே இறுக்குங்கள். இப்போது பிடித்திருப்பதை எண்ணெய் விட்டு, சூடு தணிய விட்டு, மெல்லப் பின்னோக்கித் திருப்பிப் பாருங்கள். வரவில்லையென்றால் அறுத்தெடுப்பதே நல்லது.

அலுமினியத் தகட்டின் கதை வேறு. கடல்நீரில் நனைந்திருக்கும் இரு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டால் ஒரு மின்கலம் உருவாகிறது. அதில் கரைவது எப்போதும் அலுமினியம்தான், ஸ்டெயின்லெஸ் காப்பாற்றப்படுகிறது. அதனால்தான் ஸ்க்ரூ புதிதுபோல் இருக்க, சுற்றிலும் வெள்ளைப் பொடி பூக்கிறது. இதில் பரப்பளவின் விகிதம் மிக முக்கியம். பெரிய அலுமினியத் தகட்டில் சிறிய ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ என்றால் சேதம் மெதுவாக நடக்கும். பெரிய ஸ்டெயின்லெஸ் தகட்டை அலுமினிய ரிவெட்டுகளால் பிடித்திருந்தால் ரிவெட்டுகள் விரைவில் கரைந்து தகடு கழன்றுவிடும். அப்படி எங்காவது பொருத்தியிருந்தால் அதை முதலில் மாற்றுங்கள்.

தடுக்கும் வழி, இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் பிரிப்பதே. தலைக்கு அடியில் நைலான் வாஷர் போடுபவர்கள் பலர். ஆனால் துளைக்குள் ஸ்க்ரூவின் தண்டு தகட்டின் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தால் வாஷரால் பயனில்லை. துளையைச் சற்றுப் பெரிதாக்கி நைலான் குழலும் செருக வேண்டும். நேராக அலுமினியத்திலேயே மரை வெட்டி ஏற்றிய சிறு ஸ்க்ரூக்களுக்கு இது முடியாது. அங்கே இவ்விரு உலோகங்களுக்கும் இடையில் பூசுவதற்கென்றே வரும் தடுப்புப் பசையை மரை முழுவதும் தடவுங்கள். செம்புத் தூள் கலந்த பசையை அலுமினியத்தில் பயன்படுத்தினால் அரிப்பு கூடும். பெயின்ட் அடிப்பதானால் அலுமினியத்தை மட்டும் அடித்து நிறுத்திவிடாதீர்கள். அதில் ஒரு கீறல் விழுந்தால் அரிப்பு முழுவதும் அந்தக் கீறலில் குவிந்து ஆழமாகப் பறிக்கும். ஸ்டெயின்லெஸ்ஸின் வெளித்தெரியும் பரப்பையும் மூட வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மீன் இரத்தமும் செதிலும் காய்ந்த தளத்தைக் கழுவ பிளீச்சிங் கரைசலை ஊற்றுவது பல படகுகளில் நடக்கிறது. அதிலுள்ள குளோரின் 316-இலும் குழி விழச் செய்யும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்ந்த தரை கழுவும் திரவங்கள் அதைவிடக் கேடு. மிதமான சோப்பும் நிறைய நன்னீரும் போதும். கறையைத் தேய்க்க இரும்பு நாரைத் தொடவே தொடாதீர்கள்; அதன் துகள்கள் பரப்பில் பதிந்து துருப்பிடித்து, உள்ளிருக்கும் ஸ்டெயின்லெஸ்ஸையும் கெடுக்கும். நைலான் நாரும், சிட்ரிக் அமிலம் கலந்த தூய்மைப் பசையும் பயன்படுத்தி, பிறகு நன்றாகக் கழுவிவிடுங்கள். ஸ்டெயின்லெஸ் கம்பிகளுக்கு அருகில் இரும்பை அறுக்கவோ கிரைண்டர் பிடிக்கவோ நேர்ந்தால் கம்பிகளைத் துணியால் மூடிவையுங்கள்.

உலைக்கூடம் அவர்களின் ஒரு கருத்தில் மட்டும் எனக்கு மாறுபாடு உண்டு. உள் அறைக்கு ஏ2, வெளியே ஏ4 என்று இரண்டையும் வாங்கினால், அவசரத்தில் கைக்குக் கிடைத்தது எங்கும் ஏறிவிடும். சிறு ஸ்க்ரூக்களின் தலையில் குறியும் இருக்காது. சிறிய படகுக்குத் தேவைப்படும் எண்ணிக்கை குறைவு என்பதால் எல்லாவற்றையும் ஏ4-ஆகவே வாங்கிவிடுவது பாதுகாப்பு.

உலைக்கூடம் எழுதியது:

பட்டறையில் தனித்தனிப் பெட்டிகளில் வைத்திருப்பதால் எனக்கு அந்தச் சிக்கல் வருவதில்லை. ஒரே படகை வைத்திருப்பவருக்குத் தோணித்துறை அவர்கள் சொல்வதே பொருந்தும், அதை ஏற்கிறேன்.

கரைவலை அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மற்ற எதையும் தொடுவதற்கு முன், படகின் முன்முனையில் வின்ச் கொக்கி மாட்டும் அணியக் கண்ணியைக் கழற்றிப் பாருங்கள். டிரெய்லரில் இழுத்து ஏற்றும்போது படகின் சுமையை அந்த ஒரு கண்ணிதான் தாங்குகிறது. அதுவும் நீர்க்கோட்டுக்கு அருகில், ஃபைபருக்குள் இரு கால்களும் புதைந்து, இடுக்கு அரிப்புக்கு மிகவும் ஏதுவான இடத்தில் இருக்கிறது.

கரைவலை எழுதியது:

அதன் நட்டுகள் முன்பக்கப் பெட்டிக்குள் எட்டும் தூரத்தில்தான் உள்ளன. கழற்றினால் எதைப் பார்த்து முடிவு செய்வது? மாற்றுவதானால் அதே தடிமன் போதுமா?

உலைக்கூடம் எழுதியது:

முதலில் படகின் எடை கண்ணியில் தொங்காதபடி டிரெய்லரில் வேறு பட்டையால் கட்டிக்கொள்ளுங்கள். கழற்றியதும் இரு கால்களையும் துடைத்து, ஃபைபரின் தடிமனுக்குள் இருந்த பகுதியை நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் சிக்கும் குழியோ, வளைவின் உட்புறத்தில் மயிரிழை வெடிப்போ இருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். நிறம் மட்டும் மங்கியிருந்தால் தூய்மை செய்து, புதிய அடைப்புப் பசையிட்டு மீண்டும் பொருத்தலாம்.

மாற்றுவதானால் 316 என்று குறிக்கப்பட்டதும், தாங்கும் சுமை தெரிந்ததுமான கண்ணியை வாங்குங்கள்; தடிமன் இப்போதிருப்பதற்குக் குறையக் கூடாது. உட்புறம் இரண்டு தனி வாஷர்களுக்குப் பதிலாக, இரு கால்களும் நுழையும் ஒரே தடித்த 316 தகட்டை வையுங்கள். சுமை ஃபைபரில் பரவலாக இறங்கும். துளைகளைச் சுற்றி ஃபைபர் வெள்ளையாக வெடித்திருந்தாலோ, உள்ளே பதித்திருக்கும் மரக்கட்டை ஈரமாக இருந்தாலோ, அதை உலர்த்திச் சரிசெய்யாமல் புதிய கண்ணியை ஏற்ற வேண்டாம்.